அரைச் சுற்று

குறி தப்பினால் அது நம் கணக்கு.
இது வேறு.
சுட்டுவிட்டு, நெம்புகோலை இழுத்து, குண்டு போட்டு,
மறுபடி விரலை வைத்தால்
டிரிக்கர் அங்கே இல்லை.
பின்னாலேயே கிடக்கிறது, தொளதொளவென்று,
ஆடும் பல் மாதிரி.

கோட்டையூரில் ஓடாத நெல் மில்.
உள்ளே பத்து மீட்டர் ரேஞ்ச்.
அவித்த நெல் வாடை இன்னும் சுவரைவிட்டுப் போகவில்லை.
மூன்று பேருக்கு ஒரே ஏர் ரைஃபிள்:
நான், மின்வாரியத்து அழகுசுந்தரம், இருதயமேரி.
ஞாயிறு மாவட்டப் போட்டி. அவளுக்கு முதல் போட்டி.
இன்று அவள் முறையில்
நினைக்கும் முன்பே கிளம்பிய குண்டுகள்
ஏழிலும் எட்டிலும் போய் விழுந்தன.
ஐந்துக்கு ஒரு தடவை டிரிக்கர் திரும்பவே இல்லை.

'விரலை நீ முழுசா விடல' என்றேன்.
அவள் ஐந்து விரலையும் காற்றில் விரித்துக் காட்டினாள்.
டிரிக்கர் அப்போதும் பின்னாலேயே.

சிலிண்டரைக் கழற்றினேன்.
குழல் காலி என்று இரண்டு தரம் பார்த்தேன்.
மூன்றாம் தரம் அழகுசுந்தரம் பார்த்தார்.
கட்டையிலிருந்து பிரித்தால் உள்ளே
செம்மண் புழுதி. இந்த ஊர்ப் புழுதி
பூட்டிய பெட்டிக்கும் விருந்தாளி.
அதோடு யாரோ போன மழைக்கு விட்ட
தையல் மிஷின் எண்ணெய் சேர்ந்து
இழுத்தால் ஒற்றைக் கம்பிப் பதம்.
அழகுசுந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மெடிக்கல் கடையில் வேலை.
ஸ்பிரிட்டுக்கும் பஞ்சுக்கும் பஞ்சமில்லை.
கொக்கியின் முனையைத் துடைத்தேன். மழுங்கவில்லை.
ஸ்பிரிங்கை லென்ஸில் பார்த்தேன்.
சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு,
ஒரு சுருள்கூட ஒடியவில்லை.
பூட்டினோம். குண்டில்லாமல் பத்து முறை.
பத்தும் திரும்பியது.
இருதயமேரி கை தட்டினாள்.
பதினொன்றில் மறுபடி செத்தது.

தேவகோட்டை லேத் ஜபருல்லாவுக்குப் போன் போட்டோம்.
ஒரே கேள்வி:
'எடை எவ்வளவு வச்சிருக்கீக?'
நூறு கிராம், என்றேன்.
'தொங்கவிட்டுப் பாத்தீகளா?'

எதிர் மளிகையில் ஐம்பது கிராம் கல்லை இரவல் வாங்கி
நூலில் கட்டி,
ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்துத் தொங்கவிட்டோம்.
நூறு தாங்க வேண்டியது
ஐம்பதுக்கே விழுந்தது.

'அப்ப எப்படித் திரும்பும்?
நம்ம இழுக்கத் தேவைப்படுற பலந்தான்
அது திரும்பி வர்ற பலமும்.
அதை உருவிட்டுப் புழுதியத் திட்டுறீகளே.
யாரு திருகுனது?'

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

திங்கள் இரவு. தனியாக.
மின்விசிறிகூடப் போடாமல்.
நினைத்தால் சுட வேண்டும், விரல் தெரியக்கூடாது
என்று எனக்கொரு பேராசை.
சின்ன எல்-கீ. அரைச் சுற்று.
அன்று எனக்குப் பத்துப் பத்தாக விழுந்தது.
மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.
முழுப் பொய் இல்லை.

'ஆடி ஆடித் தானா லூசாயிருக்கும்' என்றார் அழகுசுந்தரம்.
நானும் தலையாட்டினேன்.

அரைச் சுற்று திரும்ப முறுக்கினேன்.
இரண்டு கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். தாங்கியது.
அறுபது முறை இழுத்தேன்.
அறுபது முறையும் முன்னால் வந்து நின்றது,
பல்லுக்குள் அரிசி உடையும் சத்தத்தோடு.

கோளாறு நோட்டில் நாலு கட்டம்:
தேதி, கோளாறு, காரணம், கையொப்பம்.
காரணத்தில் 'எண்ணெய், புழுதி' என்று எழுதினேன்.
பிறகு ஒரு கமா போட்டுவிட்டேன்.
கமா போட்டால் நிறுத்த முடியாது.
காரைக்குடி பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம்.
விளக்கை அணைக்கக் கையை வைத்துக்கொண்டு
இருதயமேரி வாசலில் நின்றாள்.

'அரைச் சுற்று. திங்கள். நான்.'

எதிரில் வந்து தலைகீழாகவே படித்துவிட்டாள்.
'அப்ப அந்த ஏழும் எட்டும்?'
'உன்னோடது இல்ல.'

பையைத் திறந்து
இன்றைய அட்டைகளை எடுத்து, ஓரம் தட்டி, அடுக்கி,
நோட்டின் மேல் வைத்தாள்.
'இந்தாங்கக்கா, உங்களோடது.'